தரம் வெற்றெண் அன்று

(கணிப்பொறி பயிலும் மாணாக்கர்க்கிடையே நிகழ்த்திய உரையின் எழுத்துருவம்)



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் பார்வைக்கு மிகச் சிறியது. காணொளியைச் சுருக்கித் தரும் குறியாக்கியிடம் 'இத்துணைத் தரத்தில் செய்க' என்று சொல்வதற்கு ஓர் எண்ணைக் கொடுக்கின்றோம் அல்லவா? அந்த எண்ணைச் சார்புநிரல் மொழி ஒன்றின் நூலகத்துள் எவ்வாறு வைப்பது என்பதே அப்பொருள். 'ஓர் எண்ணை வைப்பதற்கு ஓர் உரையா?' என்று உங்களுள் சிலர் நகைக்கக்கூடும். நன்றாக நகையுங்கள். ஆனால், நகைத்து முடித்தபின் சற்றே செவிகொடுங்கள். 'எண்தானே! எண்ணாக வைத்துவிட்டால் வேலை முடிந்தது' என்னும் அந்த எண்ணமே, நாம் இங்கே ஆராயப் புகும் நோயாகும்.

முதற்கண் அவ்வெண் என்ன செய்கின்றது என்று காண்போம். குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள் கொண்ட ஒரு படத்தில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் செம்மை, பசுமை, நீலம் என மூன்று எண்கள். நொடிக்கு 25 படங்கள். பெருக்கிப் பாருங்கள், நொடி ஒன்றுக்கு 15,55,20,000 எண்கள்! இவற்றை அப்படியே தேக்கிவைப்பதென்றால் பெட்டகங்கள் தாங்கா. ஆகலான் குறியாக்கி படத்தைச் சிறுசிறு கட்டங்களாக வெட்டுகின்றது. முன்படத்திலிருந்து மாறாதவற்றை மீண்டும் எழுதாமல் விடுகின்றது. மாறியவற்றை, மெல்ல மாறும் ஒளிநிழல் என்றும் விரைந்து மாறும் நுணுக்கம் என்றும் பிரித்து எண்களாக்குகின்றது. இதுவரை கணக்கு வேலைதான். அடுத்த படியில்தான் அது கத்தியை எடுக்கின்றது. அவ்வெண்கள் ஒவ்வொன்றையும் ஒரு படியளவால் வகுத்து, வந்ததை அருகிலுள்ள முழு எண்ணாக்கி, எச்சத்தை எறிந்துவிடுகின்றது. படியளவு 10 என்று கொள்வோம். 47-ஐ வகுத்தால் 5. 52-ஐ வகுத்தாலும் 5. காட்டும்போது மீளப் பெருக்கினால் இரண்டும் 50 ஆகிவிடுகின்றன. முன்னே இருந்தது 47-ஆ, 52-ஆ என்று இனி எந்தக் கணக்கனாலும் சொல்ல முடியாது.

2003-இல் வெளிவந்த எச்.264 என்னும் செந்தரத்தில் இத்தகைய படியளவுகளுக்கு 0 முதல் 51 வரை 52 படியெண்கள் வகுக்கப்பட்டுள்ளன. முதற்படியில் அளவு 0.625, கடைசிப் படியில் 224. ஆறு படி ஏறினால் அளவு இரட்டிக்கும். படியெண் ஏற ஏற எறியப்படுவது மிகும், கோப்பு சிறுக்கும், படம் கெடும். இங்கே ஒன்றை நெஞ்சில் நிறுத்திக்கொள்ளுங்கள்: எண் பெரிதானால் தரம் தாழும்.

எறிந்ததை மீட்க முடியாது என்பதை நான் வெறும் அச்சுறுத்தலாகச் சொல்லவில்லை. 1969-இல் அப்பல்லோ 11 நிலவில் இறங்கியபோது அங்கிருந்து வந்த ஒளிப்படம் நொடிக்கு 10 சட்டகங்களும் 320 கோடுகளும் கொண்ட தனி முறையில் வந்தது. வீட்டுத் தொலைக்காட்சிகளுக்கு அம்முறை ஒவ்வாது. ஆகலான் நிலையங்களிலேயே அதனை மாற்றி ஒளிபரப்பினர். மாற்றியதில் தெளிவு குறைந்தது. மாற்றப்படாத மூல ஒளி நாடாக்களில் பதிவாகியிருந்தது. ஆனால், அந்நாடாக்கள் பின்னர் அழிக்கப்பட்டு வேறு பதிவுகளுக்கு மீளப் பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று நாசா 2009-இல் அறிவித்தது. மாந்தன் நிலவில் முதலடி வைத்த காட்சியின் தெளிவான வடிவம் இன்று நம்மிடம் இல்லை. எஞ்சியிருப்பவை தரங்குன்றிய படிகளும், அவற்றைத் துலக்கிச் செய்தவையுமே. இன்று ஒருவர் தம் பாட்டனாரின் பேச்சுப் பதிவையோ, ஓர் ஊரின் கூத்துப் பதிவையோ கணிப்பொறியில் இட்டுச் சுருக்கி, 'இடம் மிச்சம்' என்று மூலத்தை அழிக்கும்போது அவர் செய்வதும் இதுவே. இடையில் நிற்கும் ஒற்றை எண் பிழையாயிருந்தால் அவ்வளவுதான்.

சரி, அவ்வெண் எப்படிப் பிழையாகும்? இலக்கணத்திலே 'பல பொருள் ஒரு சொல்' என்று படித்திருப்பீர்கள். காணொளி உலகில் 'தரம்' என்னும் சொல் அத்தகையது. எக்சு264 என்னும் குறியாக்கியில் சி.ஆர்.எப். என்றோர் எண் உண்டு. மேலே சொன்ன படியெண்ணை ஒரே நிலையில் வையாது, கண்ணுக்குத் தோன்றும் தரம் ஏறக்குறைய ஒரே சீராக இருக்குமாறு படத்துக்குப் படம் ஏற்றி இறக்கிக்கொள்ளச் சொல்வது அது. இதனை நாம் சீர்தர எண் என்போம். எக்சு264-இல் சொல்லாவிட்டால் தானே கொள்ளும் சீர்தர எண் 23. அதன் உறவான எக்சு265-இல் அது 28. இரண்டிலும் சிறிய எண்ணே உயர்ந்த தரம். ஆனால், ஒன்றின் 23-உம் மற்றதன் 23-உம் ஒன்றல்ல.

இதனினும் கொடிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. ஆன்2 என்னும் நிறுவனம் ஆக்கிய வி.பி.3 என்னும் குறிமுறை 2001-இல் பொதுவுக்கு விடப்பட்டது. அதிலிருந்து தியோரா பிறந்தது. அதே ஆன்2 நிறுவனத்தைக் கூகுள் 2010-இல் வாங்கியது. அவ்வழியில் 2013-இல் வி.பி.9 வந்தது. ஒரு குடியில் தோன்றிய இரு கிளைகள். தியோராவின் நூலகத்தில் தரம் 0 முதல் 63 வரை. எண் பெரிதானால் தரம் உயரும். வி.பி.9-இல் சீர்தர எண்ணும் 0 முதல் 63 வரையே. ஆனால், எண் பெரிதானால் தரம் தாழும்! தியோராவுக்கு 60 என்று எழுதிப் பழகியவர் வி.பி.9-க்கும் 60 என்று எழுதினால் என்ன ஆகும்? எண் எல்லைக்குள் உள்ளது, குறியாக்கி முணுமுணுக்காது, நிரல் நன்றாக ஓடி முடியும், கோப்பும் வரும், திறந்து பார்த்தால் சேற்றை அள்ளிப் பூசியது போலப் படம் இருக்கும். திறந்து பாராமலே மூலத்தை அழித்தவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். 'எண் 0-க்கும் 63-க்கும் இடையில் உள்ளதா என்று பார்த்துவிட்டால் போதும்' என்பார்க்கு இவ்வொன்றே விடை.

வெற்றெண் செய்யும் கேட்டுக்கு வானளாவிய சான்று ஒன்றையும் சொல்லிவிடுகின்றேன். 1998 திசம்பரில் செவ்வாய்க்கு அனுப்பப்பட்ட வானிலை ஆய்கலம் ஒன்று 1999 செப்தம்பர் 23-ஆம் நாள் தொலைந்தது. தரைநிரல் ஒன்று உந்தலைப் பவுண்டு முறையில் கணித்து எண்ணாக எழுதியது. அவ்வெண்ணைப் படித்த நிரலோ அதனை நியூட்டன் முறையென்றே கொண்டது. இரண்டுக்கும் ஏறத்தாழ 4.45 மடங்கு வேறுபாடு. செவ்வாயின் மேற்பரப்பிலிருந்து 226 கிலோமீட்டர் உயரத்தில் செல்ல வேண்டிய கலம் 57 கிலோமீட்டர் அளவுக்குத் தாழ்ந்து சென்று அழிந்தது. அங்கேயும் கணக்கில் பிழையில்லை. எண்ணுக்கு உடனிருக்க வேண்டிய பெயர் இல்லை, அவ்வளவே.

இனிச் சார்புநிரல் முறைக்கு வருவோம். கணக்கியலில் சார்பு என்கின்றோமே, உள்ளே ஒன்றை இட்டால் அதற்குரிய ஒன்றையே எந்நாளும் தருவது, அத்தகைய சார்புகளைக் கோத்து நிரல் யாக்கும் முறை இது. இம்முறையில் எல்லாப் பொருளுக்கும் வகை உண்டு. எழுதியவர் சொல்லாவிடினும் வகைகளைத் தானே உய்த்துணர்ந்து பொருத்தம் பார்க்கும் வழியை எடின்பரோவில் எம்.எல். என்னும் மொழியை உருவாக்கிய இராபின் மில்னர் 1978-இல் ஒரு கட்டுரையில் நிறுவினார். அவ்வழி வந்த ஆசுகெல் மொழியின் முதல் அறிக்கை 1990-இல் வெளிவந்தது.

வகைப்பொருத்தம் என்றதும் அயலது என்று மருள வேண்டா. 'அவன் வந்தது' என்று யாரேனும் எழுதினால் நாம் பொருளைத் தேடிக்கொண்டிருப்பதில்லை. திணை வழு என்று அங்கேயே நிறுத்திவிடுகின்றோம். தொல்காப்பியர் கிளவியாக்கத்தைத் தொடங்கும்போதே திணையை வகுத்துவிட்டுத்தான் மேலே செல்கின்றார். உயர்திணை எழுவாய் அஃறிணை வினையைக் கொள்ளாது என்பது, சொற்றொடரைச் சொல்லிப் பார்த்துத் துன்பப்பட்டபின் அறியும் செய்தியன்று, அமைப்பிலேயே தெரிவது. நிரலைத் தொகுக்கும் தொகுப்பியும் அவ்வாறே, ஓட்டுமுன்பே, 'இந்த இடத்தில் இந்த வகை பொருந்தாது' என்று சொல்லவேண்டும். சொல்வதற்கு அதற்கு வகைகள் வேண்டும். எல்லாவற்றையும் 'எண்' என்று ஒரே திணையில் அடைத்துவிட்டால் அது எதைக் கண்டு வழுவென்று சொல்லும்?

ஆசுகெல் மொழியில் 1996-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து இதற்கென்றே ஒரு வழி உண்டு. உள்ளே எண்ணே இருக்க, மேலே புதிய வகைப்பெயர் ஒன்றைப் போர்த்தலாம். தொகுத்து முடிந்தபின் அப்போர்வை மறைந்துவிடும். ஓடும்போது ஒரு நொடித்துளியும் கூடுதலாகச் செலவாகாது. தியோராத் தரம் ஒரு வகை, வி.பி.9 சீர்தர எண் மற்றொரு வகை. எக்சு264 சீர்தர எண் வேறொரு வகை. ஒன்றை எதிர்பார்க்கும் சார்புக்கு மற்றொன்றைக் கொடுத்தால் நிரல் தொகுக்கப்படவே மாட்டாது. தியோராவின் 60 வி.பி.9-இன் வாயிலை எட்டாது.

அடுத்து எல்லை. போர்வையை யார் வேண்டுமானாலும் எந்த எண்ணுக்கும் போர்த்தலாம் என்றிருந்தால் 900-க்கும் போர்த்துவர். ஆகலான் போர்த்தும் உரிமையை நூலகம் தன்னுள்ளேயே மறைத்துக்கொள்ள வேண்டும். வெளியே ஒரே ஒரு வாயிற்சார்பு. எண்ணைக் கொண்டு வருக. எல்லைக்குள் இருந்தால் வகைப்பட்ட தரம் கிடைக்கும். இல்லையெனில் 'இல்லை' என்னும் விடை கிடைக்கும். அவ்விடையைக் கையாளாமல் மேலே செல்லவியலாது. இவ்வாறு ஒருமுறை வாயிலைக் கடந்த தரத்தை நூலகத்தின் வேறெந்த மூலையிலும் மறுபடி ஆய்ந்து பார்க்க வேண்டியதில்லை. இதிலும் ஒரு நுட்பம். எக்சு264-இன் சீர்தர எண் முழு எண்ணாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை, 18.5 என்றும் கொடுக்கலாம். படியெண்ணோ முழு எண். இவ்வேறுபாடு அறியாது இரண்டையும் முழு எண்ணாக அடைப்பவர் பயன்படுத்துவோரின் பாதி உரிமையைப் பறிக்கின்றார். புள்ளிக்கு நிறமொன்றுக்கு 8 இருமி கொண்ட படத்தில் எல்லை 0 முதல் 51 வரை. 10 இருமி கொண்ட படத்திலோ கீழெல்லை −12 வரை இறங்கும். எனவே எல்லையைக் கல்லில் வெட்டிவிடாமல், எவ்வகைப் படம் என்பதையும் வாயிற்சார்பு கேட்டறிதல் நன்று.

இனி, பலரும் கருதிப் பாராத இரண்டைச் சொல்கின்றேன். போர்வை போர்த்தியவுடன் நிரலர்கள், பழக்கத்தால், உள்ளே உள்ள எண்ணின் வரிசையையே புதிய வகைக்கும் தந்துவிடுவர். ஒரே சொல்லில் தந்துவிடலாம் என்பதால் கை தானே போகும். தியோராவுக்கு அது பொருந்தும். சீர்தர எண்ணுக்கு? இரண்டனுள் பெரியதைத் தேர்ந்தெடு என்றால் தரங்குன்றியதே வந்து நிற்கும்! ஆகவே அங்கு வரிசையைத் தலைகீழாக்க வேண்டும்; அல்லது, என் கருத்தில், வரிசையே தராமல் 'எது மேம்பட்டது' என்று பெயரிட்ட தனிச்சார்பு ஒன்றைத் தருவது இன்னும் நேர்மையானது.

மற்றொன்று கூட்டல். சீர்தர எண் 18-உம் சீர்தர எண் 20-உம் கூடி 38 என்பதற்குப் பொருளுண்டா? தை மூன்றாம் நாளையும் மாசி ஐந்தாம் நாளையும் கூட்டுவது போன்றது அது. ஆனால், ஒரு நாளோடு பத்து நாள் சேர்க்கலாம். இரு நாள்களுக்கு இடைப்பட்ட தொலைவைக் கணக்கிடலாம். அவ்வாறே சீர்தர எண்ணோடு ஒரு 'பெயர்ச்சி'யைச் சேர்க்கலாம். ஆறு கூட்டினால் கோப்பின் அளவு ஏறத்தாழப் பாதியாகும். ஆறு கழித்தால் ஏறத்தாழ இரட்டிக்கும். ஆகலான் பெயர்ச்சி என்பது வேறொரு வகை. அதனைக் கூட்டுவதற்கு மட்டும் இசைவு தருக. பொது எண்ணுக்குரிய கூட்டல், பெருக்கல் எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்துவிட்டால் போர்வை போர்த்தியதன் பயனே போயிற்று.

இனித் தரத்தைக் கேட்கும் முறைகள். சீர்தர எண்ணால் கேட்கலாம். மாறாப் படியெண்ணால் கேட்கலாம். 'நொடிக்கு இத்துணை இருமிக்கு மேற்படாமல் சராசரியாகச் செய்' என்று நொடியளவால் கேட்கலாம். இம்மூன்றையும் மூன்று கட்டங்களாக ஒரு படிவத்தில் வைத்து, 'விரும்பியதை நிரப்புக' என்று விடுவதே பெரும்பாலோர் வழக்கம். நிரப்பலாம், விடலாம் என்னும் மூன்று கட்டங்களுக்கு எட்டு நிலைகள் உண்டு. அவற்றுள் பொருளுடையவை மூன்றே. எஞ்சிய ஐந்தில் எது எதனை வெல்லும் என்று கருவியின் கையேட்டைத் துருவ வேண்டும். சார்புநிரல் மொழிகளிலோ 'இதுவோ, அதுவோ, உதுவோ. ஒரு நேரத்தில் ஒன்றே' என்று கூறும் கூட்டுவகை உண்டு. அதனால் பொருளற்ற ஐந்தையும் எழுதவே முடியாமல் செய்துவிடலாம். சீர்தர எண்ணோடு உச்ச நொடியளவு ஒன்றையும் வரம்பாக வைப்பது எக்சு264-இல் பொருளுடையதே. அதனைச் சீர்தரக் கிளையின் உள்ளேயே ஒரு விருப்பக் கட்டமாக வைத்துவிட்டால் போதும்.

வி.பி.9-க்கு வருங்கால் இதன் அருமை விளங்கும். எப்.எப்.எம்பெக் என்னும் பெருவழக்கான கருவியில் வி.பி.9 முழுச் சீர்தரத்தில் இயங்கவேண்டுமானால் சீர்தர எண்ணைக் கொடுப்பதோடு நொடியளவு 0 என்றும் எழுதுவது வழக்கம். சுழியல்லாத நொடியளவைக் கொடுத்தால், அது வரம்புடைய தரம் என்னும் வேறு முறைக்குப் போய்விடும். 'நொடியளவு சுழி' என்றால் 'ஒன்றுமே அனுப்பாதே' என்றல்லவா பொதுமகன் பொருள்கொள்வான்? இத்தகைய மறைபொருளைப் பயன்படுத்துவோர் தலையில் கட்டலாகாது. முழுச் சீர்தரம் ஒரு கிளை, வரம்புடைய தரம் ஒரு கிளை என்று பெயரிட்டு வைத்து, அந்தச் சுழியை எழுதும் வேலையை நூலகமே உள்ளே செய்துகொள்ள வேண்டும்.

'இத்தனை வகைகள் எதற்கு? எல்லாக் குறியாக்கிகளுக்கும் பொதுவாக 0 முதல் 100 வரை ஒரே தர அளவை வைத்துவிடலாமே' என்று கேட்பவர் உண்டு. கேட்பதற்கு இனிமையாய்த்தான் இருக்கின்றது. ஆனால், எக்சு264-இன் 70-உம் வி.பி.9-இன் 70-உம் கண்ணுக்கு ஒரே தரமாக இருக்கும் என்று யார் உறுதி சொன்னார்? காட்சிக்குக் காட்சி, பதிப்புக்குப் பதிப்பு மாறுவதை ஓர் அளவுகோலில் கட்டிவிட்டதாகக் காட்டுவது பொய்யொற்றுமை. பொதுமக்கள் தொடும் திரையில் 'உயர்ந்தது, இடைத்தரம், சிறிய கோப்பு' என்று மூன்று பொத்தான்கள் வைக்கட்டும், தடையில்லை. அடித்தளமான நூலகம் அப்பொய்யைச் சொல்லலாகாது. ஒருமுறை ஓட்டி எறியும் பத்துவரி நிரலுக்கு இவ்வளவும் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிறர் நம்பி எடுத்தாளும் நூலகத்துக்கு வேண்டும்.

இவ்விடத்தில் நம்மனோர்க்குரிய ஒரு செய்தியைச் சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை. நான் இதுவரை சீர்தர எண் என்றும் நொடியளவு என்றும் தமிழில் பெயர் சொல்லிவந்தேன். இப்பெயர்களை ஆசுகெல் மொழியில் வகைப்பெயர்களாக அப்படியே எழுத முடியுமா? முடியாது. அம்மொழியின் 2010-ஆம் ஆண்டு அறிக்கைப்படியும் வகையின் பெயரும் ஆக்கியின் பெயரும் பேரெழுத்தில் தொடங்கவேண்டும். தமிழில் பேரெழுத்து ஏது, சிற்றெழுத்து ஏது? நம் எழுத்து பேரெழுத்தன்று. ஆகவே நம் சொல் அவ்விடத்தில் நிற்கத் தகுதியில்லாததாகிவிடுகின்றது. சீனம், அரபு, எபிரேயம் ஆகியவற்றுக்கும் இதே கதிதான். வேறு வழியின்றி முன்னே ஓர் உரோமப் பேரெழுத்தை முட்டுக்கொடுத்து நிறுத்துகின்றனர். இது பகையால் செய்ததன்று. தம் எழுத்தைத் தவிர வேறெழுத்தை நினைத்துப் பாராமையால் நேர்ந்தது. நினைத்துப் பார்த்தால் தவிர்க்கலாம் என்பதற்குச் சான்றும் உண்டு. சுவீடனில் வளர்ந்த அகுடா என்னும் சார்புநிரல் மொழியில் இத்தகைய எழுத்துவிதி கிடையாது. அங்கே வகைக்கும் தமிழில் பெயரிடலாம். படத்தின் இருமி எண்ணிக்கையைப் பொறுத்துத் தர எல்லை மாறுவதையும் வகைக்குள்ளேயே எழுதிவிடலாம். புதுமொழி யாக்கும் ஆற்றலுடையார் உங்களுள் இருப்பின், இதனைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இறுதியாக ஒன்று. எக்சு264 குறியாக்கி, தான் ஆக்கிய காணொளியின் உள்ளேயே, தன் பதிப்பையும் தான் கொண்ட அமைப்புகளையும், சீர்தர எண் உட்பட, எழுத்துச் சரமாகப் பொறித்துவைக்கும் வழக்கமுடையது. பல ஆண்டுகள் கழித்து ஒருவர் அக்கோப்பைத் திறந்து 'இது எத்தரத்தில் ஆனது?' என்று கேட்டால் விடை அங்கேயே இருக்கும். நூலகம் எழுதுவோர் அச்சரத்தைக் குப்பையென்று களைந்துவிடாமல் காக்கவேண்டும். அதனைப் படித்து, அதே வாயிற்சார்பின் வழியே செலுத்தி, எக்சு264 சீர்தர எண் என்னும் அதே வகையாகத் திருப்பித்தரும் சார்பு ஒன்றையும் உடன் வைக்கவேண்டும். தியோராவுக்கும் வி.பி.9-க்கும் அவ்வாறு பொறிக்கும் வழக்கத்தை நம்பியிராமல், கோப்பின் குறிப்புப் பகுதியில் நூலகமே எழுதிவைப்பது நல்லது. எழுதும்போது எண்ணை மட்டும் எழுதாதீர்கள். எந்தக் குறியாக்கியின் எண் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.